அப்பாவின் மூவாயிரம் புத்தகங்களை என்ன செய்வது?

கேள்வி: அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் இருந்த வீட்டை இன்னும் இரண்டு மாதத்தில் காலி செய்து கொடுக்க வேண்டும். எப்படியும் 3,000 புத்தகம் தேறும். நாவல்கள், சரித்திரம், தத்துவம், ஒரு முழு செட் கலைக்களஞ்சியம், அவருடைய தொழில் சம்பந்தமான சட்டப் புத்தகங்கள், அப்புறம் அவரே பைண்டு செய்து வைத்த பழைய பத்திரிகைகள். எல்லாம் ஒரே இடத்தில் அவர் பெயரோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நான் கேட்ட இரண்டு நூலகங்களும் வேண்டாம் என்றுவிட்டன. அண்ணன், மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டில் இடமும் இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. உங்கள் ஆசை, மன்னிக்கவும், நடக்கப்போவதில்லை. இதை முதலிலேயே போட்டு உடைக்கக் காரணம் இருக்கிறது. மொத்தத்தையும் ஏற்றுக்கொள்ளும் ஓர் இடம் எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே நாளைக் கடத்திவிட்டு, கடைசி வாரத்தில் பதறிப்போய் வண்டியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிய குடும்பங்களை, நூலக வேலையில் இருந்தபோதும் பார்த்தேன், இப்போது வீடுகளில் சேர்ந்துபோன புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலையிலும் பார்க்கிறேன். அப்படிப் போகிற வண்டியில் போகக்கூடாததும் சேர்ந்து போய்விடும்.

அளவை நினைத்துப் பாருங்கள். ஒரு புத்தகத்தின் முதுகு சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்தால் 3,000 புத்தகத்துக்கு 75 மீட்டர் அலமாரி வேண்டும். எடை ஒரு டன்னைத் தாண்டும். இதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு அது இலவசம் இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, பட்டியலில் ஏற்றி, எண் ஒட்டி, அடுக்க இடம் தேட வேண்டும். புதுப் புத்தகத்துக்கு ஆகிற அதே வேலை. உங்களிடம் வேண்டாம் என்று சொன்ன நூலகர்கள் புத்தகத்தை மதிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களே தங்கள் அலமாரியிலிருந்து வருடா வருடம் கழித்துக்கொண்டிருப்பவர்கள். அதற்கென்று விதிமுறைகளே உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநில நூலகம் 1976-இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பல நாட்டு நூலகர்கள் இன்றும் பார்க்கிறார்கள். அதில் ஒவ்வொரு துறைக்கும் இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். அச்சாகி எத்தனை வருடம் ஆகலாம் என்பது ஒன்று, யாரும் எடுக்காமல் எத்தனை வருடம் இருக்கலாம் என்பது இன்னொன்று. அதைத் தாண்டினால் தகவல் தவறிப்போயிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, புதுப் பதிப்பு வந்துவிட்டதா, வேறு இடத்தில் எளிதாகக் கிடைக்குமா என்று பார்த்து நீக்குவார்கள். நூலகம் வளரும் உயிர் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உயிர் என்றால் கழிவும் உண்டு என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஒரே இடத்தில் இருந்தால்தான் அப்பாவின் நூல்கள் பத்திரமாக இருக்கும் என்பதும் அவ்வளவு உறுதியான கணக்கு இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் தன்னுடைய 6,487 நூல்களை மொத்தமாக அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு 1815-இல் விற்றார். நாட்டின் முன்னாள் அதிபர் என்பதால், அதுவும் அந்த நூலகம் அதற்கு முந்தைய வருடம்தான் எரிந்து காலியாகக் கிடந்ததால், மொத்தமாக எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்தது. 1851-இல் மறுபடியும் தீ. ஜெஃபர்சன் விற்றதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. உங்கள் அப்பாவின் புத்தகங்கள் ஐம்பது பேர் வீட்டில் இருப்பது ஒன்றும் மோசமான ஏற்பாடு இல்லை.

இனி வேலைக்கு வருவோம். முதல் வாரம் எதையும் தூக்காதீர்கள், எதையும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தட்டையும் இப்போது இருக்கிற வரிசையிலேயே, முதுகில் உள்ள தலைப்பு படிக்கிற மாதிரி, நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். இது ஒரு நாள் வேலை. ஒரு மனிதர் எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார், எந்தத் தட்டு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது, எது தலைக்கு மேலே போனது, இதெல்லாம் ஒரு தடவை கலைத்தால் போச்சு. நீங்கள் காப்பாற்ற நினைக்கிற "தொகுப்பு" என்ற விஷயத்தில் பெரும்பகுதி இந்த வரிசைதான். படங்களை அண்ணனுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் அனுப்பினால், யாருக்கு என்ன வேண்டும் என்று அவர்களே வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள், நீங்கள் ஆள் ஆளாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. பதில் சொல்ல ஒரு தேதி வையுங்கள். தேதி இல்லாவிட்டால் "எல்லாவற்றையும் வைத்திரு, நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போகிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

உங்களுக்கென்று எடுத்துக்கொள்வதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். எத்தனை புத்தகம் என்று யோசிக்காதீர்கள், எத்தனை அடி இடம் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டில் ஒரு மீட்டர் தட்டு ஒதுக்க முடியும் என்றால் அதில் நாற்பது புத்தகம் நிற்கும். அண்ணனுக்கும் ஒரு மீட்டர். எடைக்குப் போடச் சொல்கிறவர்தான் கடைசியில் அதிகமாக எடுத்துப்போவார், நிறைய வீடுகளில் இது நடக்கிறது.

அடுத்தது, ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, முதுகு மேலே இருக்கும்படி இரண்டு அட்டையையும் பிடித்து மெதுவாக விரித்து உதறுவது. சலிப்பான வேலைதான், ஆனால் இதை மட்டும் தவிர்க்கவே கூடாது என்பேன். கடிதம், போட்டோ, ரசீது, பத்திரம், பணம், எல்லாம் வரும். முதல் பக்கத்தில் யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, ஓரங்களில் அப்பா பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். கிறுக்கிய புத்தகம் விலை போகாது என்று கடைக்காரர் சொல்வார், அவர் கணக்கில் அது நியாயம். உங்கள் கணக்கு வேறு. ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பழைய கிரேக்கக் கணித நூல் ஒன்றின் ஓரத்தில் ஒரு கணிதக் கூற்றைக் குறித்து, இதற்கு அருமையான நிரூபணம் வைத்திருக்கிறேன், எழுத இங்கே இடம் போதவில்லை என்று எழுதி வைத்துவிட்டு 1665-இல் இறந்துபோனார். அவருடைய மகன் சாமுவேல்தான் அப்பாவின் ஓரக் குறிப்புகளையெல்லாம் சேர்த்து 1670-இல் அந்த நூலை மறுபடி அச்சிட்டார். ஃபெர்மா கையால் எழுதிய அந்த மூலப் பிரதி காணாமலே போய்விட்டது. மகன் பக்கங்களைப் புரட்டியிருக்காவிட்டால் அப்படி ஒரு கேள்வி இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது, 1990-களில் ஆண்ட்ரூ வைல்ஸ் விடை கண்டுபிடிக்கும்வரை கணித உலகம் முந்நூறு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்காது. உங்கள் அப்பா அப்படி எதுவும் எழுதியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர் கையெழுத்து நிறைந்த பத்துப் பதினைந்து புத்தகம் கிடைத்தால் அவை உங்கள் ஒரு மீட்டர் தட்டுக்குப் போகட்டும், புத்தம்புதிதாக இருக்கிற பிரதிகள் வெளியே போகட்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உதறும்போதே பூஞ்சை பிடித்ததைத் தனியே ஒதுக்குங்கள். ஈரமான மண்வாசனை, பஞ்சு மாதிரி படலம், இவை இருந்தால் மற்றதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போனாலே பூஞ்சை வளர ஆரம்பிக்கும். ஒரு பெட்டியில் ஒரு புத்தகம் நாறினால் வாங்குகிறவர் பெட்டியையே திருப்பி அனுப்புவார். பழுப்பேறியது வேறு விஷயம். மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கும் லிக்னினும் அந்தக் காலத்தில் காகிதத்தில் சேர்த்த அமிலத்தன்மையுள்ள பொருள்களும் செய்கிற வேலை அது, நோய் இல்லை, பக்கத்துப் புத்தகத்துக்குப் பரவாது. ராமபாணப் பூச்சி, சின்னச் சின்ன வண்டுகளின் புழு இவை தெரிந்தால், அது வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகமாக இருந்தால், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதத்தின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு இது வைத்தியம் இல்லை, குளிரில் அது தூங்கும், அவ்வளவுதான். பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

இப்போது விலை. இதில்தான் எல்லோருக்கும் ஏமாற்றம். பழசு என்பதால் ஒரு புத்தகத்துக்கு மதிப்பு வருவதில்லை. லட்சக்கணக்கில் அச்சானது நூறு வருடம் ஆனாலும் லட்சக்கணக்கில்தான் கிடக்கிறது. போனில் பட்டைக் குறியீட்டைக் காட்டினால் விலை சொல்லும் செயலிகள் இருக்கின்றன. சமீபத்திய நாவல்களுக்கு அது போதும். ஆனால் அந்தக் குறியீட்டுக்கு அடிப்படையான ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் உலக அளவில் நடைமுறைக்கு வந்ததே 1970-இல்தான். அதற்கு முன் அச்சானதற்கு எண்ணே இருக்காது, பின்னால் வந்ததிலும் சின்னப் பதிப்பகங்கள் பல அதை வாங்கியதில்லை. அதாவது, உண்மையில் அபூர்வமாக இருக்க வாய்ப்புள்ளதைப் பார்த்துத்தான் செயலி கையை விரிக்கும். அந்தக் குவியலை நீங்கள் கையால்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் கையெழுத்திட்டவை, மேலுறை கழன்றுபோகாத முதல் பதிப்புகள் (இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் மதிப்பின் பெரும்பகுதி அந்தத் தாள் உறையில்தான் இருக்கும், அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்), சின்ன அச்சகத்தில் கொஞ்சமாக அடித்தவை, விழா மலர், பிரசுரம், வரைபடம், சங்க ஆண்டறிக்கை, தட்டச்சு செய்து நகலெடுத்த மலிவான தாள்கள். பார்க்கக் குப்பை மாதிரி இருப்பதைத்தான் எல்லா வீட்டிலும் குப்பையில் போட்டிருப்பார்கள், அதனால்தான் மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டுக்கு மதிப்பு. வேர்ல்டுகேட் என்ற கூட்டுப் பட்டியலில் தலைப்பைப் போட்டால் உலகத்தில் எந்தெந்த நூலகத்தில் அது இருக்கிறது என்று ஓரளவு தெரியும். நானூறு நூலகத்தில் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டில் இருந்தால், அல்லது இல்லவே இல்லை என்றால், அதைத் தனியாக வையுங்கள்.

இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அது அவர் கேட்கிற விலை, பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விற்றுப்போன விலை என்ன என்று மட்டும் பாருங்கள்.

பழைய புத்தகக் கடைக்காரரைக் கூப்பிடுவது இதற்கு அப்புறம். ஒருவரை அல்ல, இரண்டு மூன்று பேரை. அவர்கள் சொல்லும் தொகை உங்களுக்கு அவமானமாகப்படும், ஆனால் அவர் அதைத் தூக்கி, சுத்தம் செய்து, வருடக்கணக்கில் வைத்திருந்து, பாதி விற்காமலும் போகும் என்ற கணக்கில்தான் சொல்கிறார். முக்கியமான முடிவு ஒன்று உண்டு. நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க அனுமதிக்கிறீர்களா, எடுத்தால் மொத்தமாக எடுத்து அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்கிறீர்களா? நேரம் இருக்கிறவர்களுக்கு நான் முதலாவதைச் சொல்வேன். உங்களுக்கு இரண்டு மாதம்தான், ஆகவே அபூர்வமான குவியலை நீங்களே தனியே பிரித்து விலை கேளுங்கள், மிச்சத்தில் நாவல், சரித்திரம் இவற்றைக் கொஞ்சம் நல்லதோடு கலந்தே விட்டு, குறைந்த தொகையானாலும் மொத்தமாக எடுக்கிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். நல்லதையெல்லாம் பொறுக்கிவிட்டு மிச்சத்தை யாராவது வந்து அள்ளிப்போவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண், சக்கையைக் காசு கொடுத்து யாரும் வாங்குவதில்லை.

நன்கொடைக்கு வருகிறேன். உங்கள் ஆசையின் ஒரு பகுதி இங்கே நிறைவேறும். 3,000 வேண்டாம் என்று சொன்ன அதே நூலகம், "தத்துவத்தில் எழுபது புத்தகம், பட்டியல் இதோ, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை நீங்கள் விற்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று கேட்டால் வேறு மாதிரி பதில் சொல்லும். நிபந்தனைதான் அவர்களைப் பயமுறுத்துகிறது. தனி அலமாரி, பெயர்ப் பலகை, என்றும் பிரிக்கக் கூடாது என்றெல்லாம் கேட்காதீர்கள். அதற்குப் பதில் அப்பா பெயரைப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். "இன்னார் சேகரித்த நூல்களிலிருந்து" என்று சின்னச் சீட்டு அச்சடித்து முன் அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், செல்லோடேப் வேண்டாம், அது பழுத்துக் காகிதத்தையும் கெடுக்கும். அபூர்வமானவற்றில் சீட்டும் வேண்டாம், பென்சிலில் ஒரு வரி போதும். புத்தகம் எத்தனை கை மாறினாலும் பெயர் கூடவே போகும்.

நாவல்களை விடுதி, முதியோர் இல்லம், மருத்துவமனை, சிறை நூலகம், வாசகர் வட்டம் எங்கும் கேட்டுப் பார்க்கலாம். முன்கூட்டியே போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பல சிறைகளில் கெட்டி அட்டைப் புத்தகம் உள்ளே விடமாட்டார்கள், முதியோர் இல்லத்தில் பொடி எழுத்து யாருக்கும் பயன்படாது. யாரும் இல்லாத நேரத்தில் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுப் போவது தானம் இல்லை, உங்கள் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது.

கலைக்களஞ்சியமும் சட்டப் புத்தகங்களும் காகிதத்துக்குத்தான். இங்கே அண்ணன் சொன்னது சரி. பிரிட்டானிக்காவே 2012-இல் அச்சில் போடுவதை நிறுத்திவிட்டது. 1910-11-இல் வந்த அதன் பதினோராம் பதிப்பு, 29 தொகுதி, அதைத் தேடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், மற்றதெல்லாம் யாருக்கும் வேண்டாம். சட்டப் புத்தகம் இன்னும் மோசம், திருத்தப்பட்ட சட்டத்தைப் பழைய வடிவில் படித்து யாராவது நம்பிவிட்டால் அவருக்குத்தான் கஷ்டம். மருத்துவம், வரி, கணினி எல்லாம் இதே கதை. ஏழை மாணவனுக்குக் கொடுக்கலாமே என்று மனசு சொல்லும். காலாவதியான பாடத்தை ஏழை மாணவன் மட்டும் ஏன் படிக்க வேண்டும்?

மறுசுழற்சிக்குப் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. காகித நாரை ஐந்தாறு தடவையாவது திரும்பப் பயன்படுத்தலாம். கெட்டி அட்டையைக் கிழித்து எடுத்துவிட்டு உள்ளே உள்ள தாளை மட்டும் கொடுங்கள், அட்டையில் துணியும் பிளாஸ்டிக்கும் பசையும் இருக்கும். பேப்பர்பேக் முதுகுப் பசையை ஆலையிலேயே சலித்து எடுத்துவிடுவார்கள். பூஞ்சை பிடித்ததையும் நனைந்ததையும் அதோடு சேர்க்காமல் குப்பைக்கே அனுப்புங்கள். அப்பாவின் கையெழுத்து, கணக்கு எண் உள்ள தாள்கள் எதுவும் உள்ளே இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா மின்னூல்களும் வாங்கியிருந்தால், அதை யாருக்கும் கொடுக்க முடியும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான கடைகள் நமக்கு விற்பது படிக்கும் உரிமத்தைத்தான், புத்தகத்தை அல்ல. அந்தக் கருவியில் அவர் கோடிட்ட வரிகள் இருந்தால் கணக்கை மூடுவதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது சின்னப் பெட்டியாக, 12 முதல் 15 கிலோவுக்கு மேல் போகாமல் கட்டுங்கள். படுக்கவைத்து அடுக்கலாம், முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தலாம், முதுகு மேலே இருக்கும்படி மட்டும் நிறுத்தாதீர்கள், உள்பக்கங்கள் தொங்கித் தையல் விட்டுப்போகும். எப்படியும் எண்பது பெட்டிக்கு மேல் ஆகும். எது யாருக்கு என்று பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள், மேலே எழுதினால் அடுக்கியதும் தெரியாது.

பைண்டு செய்த பத்திரிகைகளைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான். உங்கள் கடிதத்தில் அவற்றுக்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். புத்தகத்தை நூலகங்கள் வைத்துக்கொள்ளும், பத்திரிகையை இடம் இல்லை என்று பல நூலகங்களே முதலில் தூக்கிவிட்டன. புத்தகமாக வராத தொடர்கள், விளம்பரங்கள், ஓவியங்கள், வாசகர் கடிதங்கள் எல்லாம் வேறு எங்கும் கிடைக்காது. உலகப் புகழ்பெற்ற ஒரே பத்திரிகையின் வரிசை என்றால் அது எல்லோர் வீட்டிலும் இருக்கும், அதற்கு மதிப்பு இல்லை. சின்னப் பத்திரிகைகள் என்றால் கதையே வேறு. பைண்டரிடம் கொடுத்தபோது ஓரத்தை வெட்டியிருந்தாலும், அட்டைகளை எடுத்துவிட்டிருந்தாலும் வியாபாரிக்குத்தான் அது குறை, ஆவணக் காப்பகத்துக்கு உள்ளே இருப்பது போதும். ஒவ்வொரு தொகுதியிலும் எந்தப் பத்திரிகை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, நடுவில் எந்த இதழ் விட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, முதல் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் காப்பகத்துக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அண்ணன் கண்ணில் படாத அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.